விழித்திரை உரைக்கும் செய்தி

மனிதனுடைய கண்மணி ஏன் கறுப்பாகத் தோன்றுகின்றது? கண்ணின் உட்புறம் கறுப்பு நிறமுடையதன்று. அது செம்மஞ்சள் நிறமானது; குருதிக் குழாய்கள் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும் இடம். வெளியிலிருந்து செல்லும் ஒளியில் ஒரு பகுதி அந்தச் சுவரிற் பட்டு, வந்த வழியே திரும்பி வெளியே வருகின்றது. ஆனால் அதைக் காண விரும்புபவன் ஒளி சென்ற அதே நேர்கோட்டிலே தன் கண்ணையும் வைத்தல் வேண்டும். வைத்தானாயின் அவனுடைய தலையே விளக்கை மறைத்துவிடும். மிக எளிதாகத் தோன்றும் இந்தத் தடைதான் வைத்தியர்களைப் பல நூற்றாண்டுகளாகக் கண்மணியின் வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது.

தடையை நீக்கியவர் ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜேர்மானியர். அவர் 1850ஆம் ஆண்டிலே கோனிக்ஸ்பேர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியற் பேராசிரியராக இருந்தார். அப்பொழுது அவருக்கு வயது 29. நோயைத் தேடி அவர் புறப்படவில்லை. கண்ணிலிருந்து ஒளி எவ்வாறு மீள்கின்றது என்பதைத் தம் மாணவருக்கு விளக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். கண்ணாடித் தகடொன்றைச் சாய்வாக நிறுத்தி, பக்கத்திலே உள்ள விளக்கின் ஒளியை அதன்மேல் விழச்செய்து, தெறிக்கும் ஒளியை நோயாளியின் கண்ணுக்குள் அனுப்பி, அதே தகட்டின் ஊடாகத் தாம் நோக்கினார். தகடு ஒளியைத் திருப்பவும் செய்தது. பார்வைக்கு வழிவிடவும் செய்தது. உயிருள்ள மனிதனின் விழித்திரை மிகத் தெளிவாகத் தோன்றியது. மறு ஆண்டிலே அவர் அதனை ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, கணிக்கும் பொறிகளை வகுத்துப் புகழ்பெற்ற ஆங்கிலேயரான சாள்ஸ் பாபேஜ் இத்தகைய கருவியொன்றை ஆக்கி, வோட்டன் ஜோன்ஸ் என்னும் கண் வைத்தியரிடம் காட்டியிருந்தார். அவர் அதன் பயனை உணரவில்லை. கருவி ஒரு மூலையிற் கிடந்தது. கண்டுபிடிப்பு மட்டும் போதாது, அதைக் கண்டுகொள்ளும் கண்ணும் வேண்டும் என்பதற்கு வைத்திய வரலாற்றில் இதனிலும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

விழித்திரை என்பது கண்ணின் பின்புறத்தை உள்ளே போர்த்திருக்கும் மெல்லிய படலம். அதன் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் காற்பங்கே. கருவிலே குழந்தை உருவாகும்போது மூளையிலிருந்து வெளியே அரும்பும் பகுதியொன்றே விழித்திரையாகின்றது. ஆகவே அதனை மூளையின் ஒரு துண்டு என்று கூறினாலும் பிழையாகாது. கழுத்தின் வழியே மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருநாடியின் கிளையொன்றே கண்ணையும் ஊட்டுகின்றது. உடலைக் கீறாமல், தோலை நீக்காமல், நாடியையும் நாளத்தையும் நரம்பையும் உயிருள்ள நிலையிலே நேராகப் பார்க்கக்கூடிய இடம் மனித உடலில் இது ஒன்றுதான். சிறுநீரகத்திலும் மூளையிலும் உள்ள நுண்ணிய குழாய்கள் எந்நிலையில் உள்ளன என்பதை அறிய விரும்பும் வைத்தியர் கண்ணை நாடுவதன் காரணம் இதுவே.

கருவி கைக்கு வந்ததும் ஐரோப்பிய வைத்தியர் ஓய்ந்திருக்கவில்லை. பேர்லின் நகரிலே அல்பிரெக்ட் வொன் கிரேபே, இதயத்திலிருந்து புறப்பட்ட குருதிக்கட்டி விழித்திரை நாடியை அடைத்துப் பார்வையை ஒரே கணத்திற் பறித்ததை 1859இல் விவரித்தார். மூளையிற் கட்டி வளர்ந்தவர்களின் கண்களிலே பார்வை நரம்பு தொடங்கும் வட்டம் வீங்கி நிற்பதை மறு ஆண்டில் எடுத்துக்காட்டினார். தலையோட்டைத் திறவாமலே அதனுள் அமுக்கம் ஏறியிருப்பதை அறிய வழி பிறந்தது. கடுமையான தலைவலியோடு வரும் நோயாளியின் கண்ணுக்குள்ளே வைத்தியர் விளக்குப் பிடித்துப் பார்ப்பது இன்றும் இக்காரணம் பற்றியே.

குருதியமுக்கத்தின் கதை இதனிலும் நீண்டது. இலண்டன் மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலையிற் பணியாற்றிய மார்க்கஸ் கன், 1890களிலே ஓர் உண்மையைக் கவனித்தார். விழித்திரையில் நாடியும் நாளமும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் இரண்டையும் ஒரே உறை போர்த்திருக்கும். நாடியின் சுவர் தடித்து இறுகினால் அது தன் அருகிலுள்ள மெல்லிய நாளத்தை நெருக்கும். நெருக்கப்பட்ட நாளம் அவ்விடத்திலே கிள்ளியது போல ஒடுங்கித் தோன்றும். சிறுநீரக நோயும் மூளைக் குருதிப்பெருக்கும் உடையவர்களிடத்தே இவ்வடையாளத்தை அவர் கண்டார். இத்தாலியரான ரிவா ரொக்சி, கையிலே பட்டி கட்டிக் குருதியமுக்கத்தை அளக்கும் கருவியை 1896இல்தான் வெளியிட்டார். அளவுகோல் பரவுவதற்கு முன்னரே கண் அந்நோயைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மேயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த கீத், வாகனர், பாக்கர் ஆகிய மூவரும் 1939இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். உயர் குருதியமுக்கமுடைய 219 நோயாளரை, அவர்தம் விழித்திரையின் தோற்றத்தை முதன்மையாகக் கொண்டு நான்கு கூட்டமாகப் பிரித்தனர். நாடிகள் சற்றே ஒடுங்கியிருந்தவர் முதற் கூட்டம். குருதிக் கசிவும் பஞ்சு போன்ற வெண்புள்ளிகளும் தோன்றி, பார்வை நரம்பும் வீங்கியிருந்தவர் நான்காங் கூட்டம். மூன்று ஆண்டுகள் கழிந்தபோது முதற் கூட்டத்தாரில் நூற்றுக்கு 70 பேர் உயிரோடு இருந்தனர். நான்காங் கூட்டத்தாரில் எஞ்சியவர் நூற்றுக்கு 6 பேர் மட்டுமே. இந்த எண்களை நின்று நோக்குதல் தகும். அக்காலத்திலே குருதியமுக்கத்தைத் தணிக்கத் தக்க மருந்து இல்லை. கண்ணுக்குள்ளே நோக்கிய வைத்தியர் தம் முன்னே அமர்ந்திருப்பவரின் எஞ்சிய நாட்களை ஏறக்குறையக் கணித்தறிந்தார். மாற்றுவதற்கு அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இன்று மருந்துகள் உண்டு. அதனால் அந்த அட்டவணை பழங்கதையாகிவிட்டது. ஆனால் நான்காங் கூட்டத்து அடையாளங்களைக் கண்டால் வைத்தியர் இன்றும் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில்லை. உடனே வைத்தியசாலையிற் சேர்த்துக்கொள்கின்றனர்.

பாரிசவாதத்தைப் பற்றியும் இங்கே ஒன்று கூறவேண்டும். சிலருக்கு ஒரு கண்ணிலே மட்டும் பார்வை திடீரென மறைகின்றது. மேலிருந்து திரை இறங்கியது போல இருண்டு, சில நிமிடங்களிலே மீண்டும் தெளிந்துவிடும். நோவு இல்லை. தெளிந்துவிட்டதே என்று அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அத்தகைய ஒரு மறைவு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே நோயாளியின் கண்ணுக்குள்ளே நோக்கும் வாய்ப்பு பொஸ்டன் நகர நரம்பு வைத்தியரான மில்லர் பிஷருக்குக் கிடைத்தது. வெண்மையான துண்டுகள் விழித்திரை நாடிகளின் ஊடே மெல்ல மெல்ல நகர்ந்து செல்வதை அவர் கண்டு, 1959இல் எழுதினார். இரண்டு ஆண்டுகளின் பின், மேயோ நிலையத்து ரொபேட் ஹொலன்ஹோஸ்ற் நாடிகளில் மின்னும் மஞ்சட் பொடிகளைப் பற்றி விவரித்தார். அவை கழுத்து நாடியின் சுவரிலே படிந்த கொழுப்பிலிருந்து உதிர்ந்து வந்த கொலஸ்திரோல் துணுக்குகள். இன்று கண்ணுக்கு வந்த துணுக்கு நாளை மூளைக்குச் செல்லலாம். ஆகையால் ஒரு கண் சில நிமிடம் இருண்டு தெளிந்தது என்றால் அது கண் வைத்தியரின் அலுவல் மட்டுமன்று. அதே நாளில் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய அபாய அறிவிப்பு ஆகும். மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டும் போலும் என்று எண்ணி ஒரு கிழமை காத்திருந்து, இடையிலே கைகால் வழங்காமற் போனவர் எல்லா நாட்டிலும் உளர்.

இனி நீரிழிவு. நேயர்களிற் பலருக்கு மிக நெருங்கிய பகுதி இதுவே.

வியன்னாவைச் சேர்ந்த எட்வாட் யேகர் என்பார் நீரிழிவு நோயாளி ஒருவரின் விழித்திரையிற் கண்ட மாற்றங்களை 1855இலேயே வரைந்து காட்டினார். ஆயினும் அவை நீரிழிவால் வந்தனவா, உடன் இருந்த குருதியமுக்கத்தால் வந்தனவா என்ற வாதம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நீடித்தது. கிளாஸ்கோ நகரிலே பலன்ரைன், லோவன்ஸ்ரைன் என்னும் இருவர், நுண்ணிய மயிர்த்துளைக் குழாய்களின் சுவர் நலிந்து சிறு குமிழ்களாகப் புடைத்திருப்பதை 1940களில் விளக்கிய பின்னரே நீரிழிவுக்குரிய தனி அடையாளம் உறுதியாயிற்று. இதற்கிடையில், 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரிற் கண்டறியப்பட்ட இன்சுலின், முன்பு சில மாதங்களில் இறந்துகொண்டிருந்த இளைஞர்களுக்குப் பல ஆண்டு வாழ்வை அளித்தது. வாழ்வு நீண்டது, நீண்டதனால் முன்பு வெளிப்பட நேரமில்லாத கண்ணோய் வெளிப்பட்டது. ஒரு நோயை வென்ற மருந்து அடுத்த வினாவையும் உடன் கொண்டுவருதல் வைத்தியத்திலே புதிதன்று.

நோய் வளரும் முறை இது. குருதியில் மிகுந்த குளுக்கோசு ஆண்டுக்கணக்காக நுண்குழாய்களின் சுவரைக் கெடுக்கின்றது. சுவர் புடைக்கின்றது, நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு பார்வையின் நடுவிடமாகிய மஞ்சட் பொட்டை எட்டினால் எழுத்துக்கள் மங்கும். வேறு சில குழாய்கள் அடைபடுகின்றன. ஒட்சிசன் கிடையாமல் வாடும் விழித்திரை, புதுக் குழாய்கள் முளைக்கும்படி ஓர் இரசாயனச் செய்தியை அனுப்புகின்றது. அவ்வாறு ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்று ஐசக் மைக்கல்சன் என்னும் கண் வைத்தியர் 1948இலே ஊகித்தார். அதைத் தேடியவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவில் நெப்போலியோன் பெராரா என்பவர் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதமொன்றை 1989இல் பிரித்தெடுத்துக் காட்டினார். புதுக் குழாய்கள் உதவிக்கு வருவன போலத் தோன்றினும், அவை மிக நொய்யவை. உடைந்து கண்ணுக்குள்ளே குருதியைப் பெருக்கும். தழும்பாகிச் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பெயர்க்கவும் செய்யும். புற்றுக்கட்டி தன் உணவுக்குக் குழாய்களை வளர்த்துக்கொள்வதும் இதே புரதத்தின் துணைகொண்டே. ஆதலால் குடற் புற்றுக்கு மருந்து தேடியவர்களும் கண்ணுக்கு மருந்து தேடியவர்களும் ஒரே வழியிலே சந்தித்தனர். அப்புரதத்தைத் தடுக்கும் மருந்து 2004இல் புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெற்றது. அதன் இனத்தைச் சேர்ந்த மருந்து 2006இலிருந்து கண்ணுக்குள்ளே ஊசி மூலம் செலுத்தப்படுகின்றது.

ஊசி மருந்துக்கு முன் வந்தது ஒளி. ஜேர்மனியில் 1945ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கியவர்களின் விழித்திரை சுட்டுத் தழும்பானதைக் கண்ட மையர் சுவிக்கறாத் என்னும் வைத்தியர், கெடுக்கும் அதே சூட்டை அளவாகப் பயன்படுத்தினால் நோயுற்ற இடத்தை அடைக்கலாமே என்று சிந்தித்தார். முதலிற் சூரிய ஒளியையே கண்ணாடிகளாற் குவித்துப் பயன்படுத்தினார். முகில் மூடிய நாளில் வைத்தியம் இல்லை! பின்னர் செனன் விளக்கும், அதன்பின் லேசர்க் கதிரும் வந்தன. அமெரிக்காவிலே 1,700க்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட பெரும் ஆய்வு, ஒளிச் சூடு கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேலாகக் குறைக்கின்றது என்று 1976இல் அறிவித்தது.

ஆயினும் லேசரும் ஊசியும் தீயணைக்கும் படையைப் போன்றவை. தீப்பிடியாமற் காப்பது வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேர் பங்குபற்றி 1993இல் முடிந்த ஆய்வொன்றிலே, குருதிக் குளுக்கோசைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய இன்சுலின் நோயாளருக்குக் கண்ணோய் தொடங்கும் அபாயம் நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. பிரித்தானியாவில் 1998இல் முடிவு வெளியான மற்றோர் ஆய்வு, நடுவயதில் நீரிழிவு வந்தவர்களின் குருதியமுக்கத்தை நன்கு தணித்தபோது விழித்திரை நோயின் வளர்ச்சி மூன்றிலொரு பங்கும், பாரிசவாதம் நூற்றுக்கு 44 பங்கும் குறைந்ததைக் காட்டியது. ஒரே மருந்து கண்ணையும் மூளையையும் காத்தது. கண் வேறு, உடல் வேறு என்று எண்ணுவோர்க்கு இதனைவிட விளக்கம் வேண்டுவதில்லை. நீரிழிவு நோயாளியின் விழித்திரையிற் கோளாறு கண்டால், அறிந்த வைத்தியர் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்வார். இரண்டிடத்து நுண்குழாய்களும் பெரும்பாலும் ஒருங்கே கெடுகின்றன.

விழித்திரையை நோக்காததால் நேரும் தவறு எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு ஆபிரிக்காவின் மலாவி நாட்டிலிருந்து ஒரு சான்று. மலேரியா மூளையைத் தாக்கி நினைவிழந்தனர் எனக் கருதப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் உடல்களை அங்கே ஆராய்ந்தனர். அவர்களில் 7 பேர் இறந்தது வேறு காரணத்தால் என்று 2004இல் வெளிவந்த அவ்வாய்வு காட்டியது. குருதியிலே மலேரியாக் கிருமி இருந்தது உண்மை. ஆனால் அப்பகுதியில் நலமான குழந்தைகளிடத்தும் அக்கிருமி இருப்பதுண்டு. உயிரோடிருந்தபோது இரு வகையினரையும் வேறுபடுத்திக் காட்டிய அடையாளம் ஒன்றே ஒன்று: விழித்திரையில் மலேரியா உண்டாக்கும் வெளிறலும் குழாய்களின் நிறமாற்றமும் குருதிப் புள்ளிகளும். கண்ணை நோக்கியிருந்தால், ‘இது மலேரியா அன்று, வேறு காரணத்தைத் தேடுக’ என்று அது உரைத்திருக்கும். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றுவிட்டது. ஆயின் 1934, 35ஆம் ஆண்டுகளின் கொடுமையைக் கேட்டறிந்தவர்களுக்கு அந்த ஏழு குழந்தைகளின் செய்தி அந்நியமாகத் தோன்றாது.

அண்மைக் காலத்து ஆராய்ச்சி, ஒரு நோயாளியை விட்டு ஊர் முழுவதையும் நோக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் நான்கு பகுதிகளில் வாழ்ந்த 51 முதல் 72 வயது வரையான பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் விழித்திரைகளைப் புகைப்படமெடுத்து, பின்னர் ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் அவர்களைக் கவனித்தனர். விழித்திரையில் நுண்குழாய்க் கோளாறு இருந்தவர்களுக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் என்று சிங்கப்பூரைச் சேர்ந்த வொங் என்பவரும் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ரொனால்ட் கிளைனும் பிறரும் 2001இல் அறிவித்தனர். குருதியமுக்கம், நீரிழிவு முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் வேறுபாடு நின்றது.

அதன்பின் கணினி வந்தது. கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 284,335 நோயாளரின் விழித்திரைப் படங்களைக் கணினிக்குக் கற்பித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். படத்தை மட்டும் நோக்கி அது ஒருவரின் வயதைச் சராசரியாக மூன்றேகால் ஆண்டுப் பிழைக்குள்ளே கூறியது. புகைப்பவரா என்பதையும் ஓரளவு கூறியது. ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் சரியாகவே கூறியது. இந்த இறுதிச் செய்திதான் கண் வைத்தியர்களைத் திகைக்க வைத்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக விழித்திரையை நோக்கியவர்களில் ஒருவராலும் அவ்வேறுபாட்டைக் காண இயலவில்லை. இலண்டனில் 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, விழித்திரையின் படைகளை ஒளியால் அளக்கும் கருவியைக் கொண்டு, பார்க்கின்சன் நடுக்க நோயின் தடயங்கள் அந்நோய் வெளிப்படுவதற்குச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே காணப்பட்டன என்றது.

இவற்றைக் கேட்டு வியப்பது இயல்பு. எனினும் அளவோடு வியத்தல் நன்று. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றும் வேறுபாடு, எதிரே இருக்கும் ஒருவருக்கு இந்நோய் வரும் என்று சொல்லப் போதுமானதன்று. கூகிளின் படங்கள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சேர்க்கப்பட்டவை. வேறு மக்களின் கண்களை அக்கணினி அவ்வாறே வாசிக்குமா என்பது தனியே சோதித்தறியவேண்டியது. நீரிழிவுக் கண்ணோயைக் கண்டறியும் கணினி முறையோ அவ்வாறு இந்தியாவிலே சோதிக்கப்பட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நடந்த அச்சோதனையிலே கணினியின் தீர்ப்பு, பயிற்சி பெற்ற மனிதர்களின் தீர்ப்புக்குத் தாழவில்லை. கண் வைத்தியர் எட்டாத கிராமங்களுக்கு இத்தகைய உதவி பெரிதே. ஆனால் கணினி நோயைச் சுட்டலாம். லேசர் வைக்க ஓர் ஆள் வேண்டும், அவரிடம் நோயாளியைக் கொண்டு சேர்க்கப் பேருந்தும் வேண்டும்.

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 10 பேருக்கு நீரிழிவு உண்டு என்றும், அவர்களில் மூன்றிலொரு பங்கினர் அதை அறியாதிருந்தனர் என்றும் கண்டது. சென்னை நகரில் நீரிழிவுடையோரைச் சோதித்த ஆய்வொன்று, அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேரின் விழித்திரை ஏற்கெனவே பழுதுபட்டிருந்ததை 2005இல் அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலோர் பார்வையில் ஒரு குறையையும் உணர்ந்திருக்கமாட்டார்கள். இந்நோயின் வஞ்சகம் அதுவே: நோவு இல்லை, சிவப்பு இல்லை, எழுத்தும் தெளிவாகத் தெரியும், மங்கத் தொடங்கும்போது நோய் நெடுந்தூரம் சென்றுவிட்டிருக்கும்.

ஆகவே நடுவயதில் நீரிழிவு இருப்பதாக அறியப்பட்டவர் அறிந்த உடனேயே விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். எத்தனை ஆண்டு மறைந்திருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. இளமையிலேயே இன்சுலின் நோயாளரானவர் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கலாம். நீரிழிவுடைய பெண் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். அக்காலத்திலே விழித்திரை நோய் விரைந்து வளர்வதுண்டு. அதன்பின் வைத்தியர் வேறு தவணை கூறாவிடின் ஆண்டுக்கு ஒருமுறை. எழுத்துப் பலகையை வாசித்து மூக்குக்கண்ணாடி எழுதிப் பெறுவது இப்பரிசோதனை ஆகாது. கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்டு உள்ளே நோக்குதல் அல்லது படமெடுத்தல் வேண்டும். துளிமருந்து இட்டபின் சில மணி நேரம் அண்மையிலுள்ள எழுத்து மங்கும், வெயில் கூசும். அன்றைய தினம் சைக்கிளையும் மோட்டார் வண்டியையும் வீட்டிலே விட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, குடையும் எடுத்துச் செல்வது வசதி.